அரிசிக்கு ஒரு கடை, சோப்புக்கு ஒரு கடை

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் குடியிருக்கிறோம். நான், வீட்டுக்காரர், அத்தை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவர் சம்பளம்தான். மளிகை, காய்கறி எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிவிடுவோம். இடையில் ஏதாவது தீர்ந்தால் போனில் ஆர்டர். மாதம் 16,000 ரூபாயைத் தாண்டுகிறது. எண்ணெய் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. வீட்டுக்காரர் வேலைக்கு அஸ்தம்பட்டி வழியாகத்தான் போகிறார். செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் மொத்தக் கடைகளில் மூட்டையாக எடுத்தால் பாதிச் செலவுதான் ஆகும் என்கிறார் அத்தை. அலைச்சலும் பெட்ரோலும் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும் என்கிறார் வீட்டுக்காரர். அரிசி கார்டு இருக்கிறது, ஆனால் ரேஷனில் சர்க்கரை மட்டும்தான் வாங்குகிறோம். ஏற்காடு போனால் மிளகும் காபித்தூளும் வாங்கி வருவோம். பக்கத்து மளிகைக் கடையில் தீபாவளிச் சீட்டு சேரச் சொல்கிறார்கள். நாங்கள் எந்தக் கடைக்குப் போவது? இரண்டு மாத பில்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பில்களை அனுப்பியதற்கு முதலில் நன்றி. பில் இல்லாமல் கேட்பவர்களுக்குப் பொதுவாகத்தான் எதையாவது சொல்ல முடியும். உங்களுடையதை வரி வரியாகப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அத்தை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வீட்டுக்காரர் சொல்வதிலும் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே மொத்த மளிகையையும் ஒரே இடத்தில் வாங்குவதாக வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். உங்கள் பில்லில் எண்பது பொருள்களுக்கு மேல் இருக்கின்றன. பணத்தில் பெரும்பகுதி போயிருப்பது அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால் என்ற ஐந்துக்குத்தான். இந்த ஐந்துக்கும் சரியான இடத்தைப் பிடித்துவிட்டால் போதும். கடுகு, வெந்தயம், பெருங்காயத்தை எங்கே வாங்கினாலும் மாதத்துக்குப் பத்து இருபது ரூபாய்தான் முன்னே பின்னே ஆகும். அதற்காகக் கடை கடையாக ஏற வேண்டாம்.

அரிசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாதத்துக்கு மூன்று முறை 10 கிலோ பை வாங்கியிருக்கிறீர்கள். பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, 2022 ஜூலையிலிருந்து. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கும், சில்லறையாக அளந்து கொடுப்பதற்கும் அந்த வரி கிடையாது. அரிசி மண்டிகளில் 26 கிலோ சிப்பம் என்று ஒன்று பார்த்திருப்பீர்கள். ஒரு கிலோ கூடுதலாகப் போட்டுத் தைத்திருப்பதற்குக் காரணம் இந்த வரிதான். கிலோ 60 ரூபாய் அரிசி என்றால், வரியில் மட்டும் கிலோவுக்கு 3 ரூபாய். மாதம் 30 கிலோ செலவாகும் வீட்டில் 90 ரூபாய். சின்னப் பைக்கான பேக்கிங், சூப்பர் மார்க்கெட் வாடகை, ஏ.சி. எல்லாம் சேர்ந்த விலை வித்தியாசம் இதற்கு மேல்.

சிப்பம் எடுக்க லீ பஜார் வரை போகத்தான் வேண்டும் என்பதில்லை. அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கமே அரிசி மண்டிகளை விசாரியுங்கள். சிப்பமாக எடுப்பவர்களுக்கு வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள் பல கடைக்காரர்கள். ஒன்றே ஒன்று: மூட்டை எடுக்கும் முன் அதே அரிசியில் ஒரு கிலோ வாங்கி வடித்துப் பாருங்கள். பழைய அரிசி நன்றாக உபரி காணும், புது அரிசி குழையும். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தாலும் பழைய அரிசிதான் கட்டுப்படி ஆகும்.

இங்கேயே ரேஷனையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த வரி அதுதான். அரிசி கார்டு வைத்துக்கொண்டு சர்க்கரை மட்டும் வாங்குகிறீர்கள். தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடையில் துவரம் பருப்பு நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது, உங்கள் பில்லிலேயே இருக்கிறது. அந்த ஒரு கிலோவும் ஒரு லிட்டரும் மாதாமாதம் உங்கள் கணக்கில் வேறு யாருக்காவது போய்க்கொண்டிருக்கலாம். நீங்கள் வாங்காத பொருளை வாங்கியதாகப் போனில் குறுஞ்செய்தி வந்தால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.

ரேஷன் அரிசியைச் சோற்றுக்குப் பிடிக்காவிட்டால் இட்லி, தோசைக்கு ஊறப் போடுங்கள். நம் ஊரில் பாதி வீடுகளின் மாவு அதில்தான் பொங்குகிறது. உங்கள் பில்லில் இருக்கும் 10 கிலோ இட்லி அரிசி அப்படியே மிச்சம். ஊறப் போடும்போது சில அரிசி வெள்ளையாகத் தனியாகத் தெரியலாம், தண்ணீரில் மிதக்கவும் செய்யலாம். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறார்கள். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துத் தயாரித்த செறிவூட்டிய அரிசி. வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை எறியவே கூடாது.

பருப்பில்தான் லீ பஜார் கணக்கு வருகிறது. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் வித்தியாசம் நன்றாகவே இருக்கும், ஆனால் அளவு வேண்டும். ஒரு பேச்சுக்கு, கிலோவுக்கு 12 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு மாதத்துக்குத் துவரை, உளுந்து, பாசி, கடலை எல்லாம் சேர்த்து ஏழு கிலோ வாங்கினால் 84 ரூபாய் மிச்சம். கன்னங்குறிச்சியிலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்வர ஆட்டோ பிடித்தால் அந்த 84 ரூபாய் போகும்போதே தீர்ந்துவிடும். இந்த இடத்தில் வீட்டுக்காரர் சொல்வது சரி. அதே பயணத்தை இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை, நாத்தனார் வீட்டையும் எதிர்வீட்டையும் சேர்த்துக்கொண்டு போங்கள். நாற்பது ஐம்பது கிலோ எடுத்துப் பங்கு போட்டால் ஆட்டோ கூலி போகவும் நல்ல தொகை நிற்கும். அப்போது அத்தை சொல்வது சரி. போகும்போது சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சுமையோடு திரும்பும்போது மட்டும் ஆட்டோ பிடித்தால் போதும்.

மூன்று மாதத்துக்கு மேல் பருப்பைச் சேர்த்து வைக்காதீர்கள். உளுந்தில் வண்டு விழுந்தால் மிச்சம் பிடித்தது முழுக்கக் குப்பைக்குப் போகும். வாங்கி வந்ததும் ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறியபின் டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

சூப்பர் மார்க்கெட் பருப்பில் உங்களை ஏமாற வைத்தது தள்ளுபடி. அக்டோபர் பில்லில், ‘எம்.ஆர்.பி. 230, நம் விலை 168’ என்று ஒரு பருப்பு பாக்கெட். பக்கத்திலேயே தள்ளுபடி இல்லாத வேறு கம்பெனி பருப்பு 155-க்கு இருந்திருக்கிறது, அடுத்த வாரம் அதையே நீங்களும் வாங்கியிருக்கிறீர்கள். எம்.ஆர்.பி.யை அச்சடிப்பது பாக்கெட் போடுகிறவர்தான். அவரே 230 என்று போட்டு அவரே குறைத்தால் அதில் நமக்கு என்ன லாபம்? எவ்வளவு குறைத்தார்கள் என்று பார்க்காதீர்கள், கிலோ என்ன விலை விழுகிறது என்று மட்டும் பாருங்கள். கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட்டில் ஒரு கிலோ விலையையும், கிலோவுக்குக் குறைந்ததில் ஒரு கிராம் விலையையும் அச்சிட வேண்டும் என்று எடையளவுச் சட்டத்தில் விதி இருக்கிறது. எம்.ஆர்.பி.க்கு அருகில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள்.

இது எண்ணெய்க்கு இன்னும் அவசியம். சில பாக்கெட் ஒரு லிட்டர், சில ஒரு கிலோ, சில 850 மில்லி. பார்த்தால் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் எடை இருக்கும். அதாவது ஒரு கிலோ எண்ணெய் என்பது கிட்டத்தட்ட 1,100 மில்லி. ஒரு லிட்டர் 180 ரூபாய், ஒரு கிலோ 190 ரூபாய் என்று இரண்டு பாக்கெட் இருந்தால் 180-ஐத்தான் கை எடுக்கும். கணக்குப் போட்டால் 190 ரூபாய் பாக்கெட்டில் லிட்டர் 173 ரூபாய்தான் ஆகிறது. உங்கள் பில்லில் 850 மில்லி பாக்கெட் ஆறு இருக்கிறது. ஆறு லிட்டர் வாங்கியதாக நினைத்திருப்பீர்கள், வீட்டுக்கு வந்தது ஐந்து லிட்டரும் கொஞ்சமும்தான். ‘சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது’ என்று நீங்கள் எழுதியிருந்ததற்குக் காரணம் இதுதான்.

மரச்செக்கு எண்ணெய் வேண்டும் என்றால் கண்ணெதிரே ஆட்டிக் கொடுக்கும் செக்கில் வாங்குங்கள். ஒரு கிலோ கடலை எண்ணெய் எடுக்க இரண்டு கிலோவுக்கு மேல் நிலக்கடலைப் பருப்பு தேவைப்படும். அந்தப் பருப்பின் விலையைவிட மிகவும் குறைவாக எண்ணெய் விற்றால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். டின்னிலிருந்து சில்லறையாக ஊற்றித் தரும் லேபிள் இல்லாத எண்ணெயை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்கவே வேண்டாம்.

காய்கறிக்கு நான் வேறு யோசனையே சொல்லப் போவதில்லை. உழவர் சந்தைதான். சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி, அஸ்தம்பட்டி என்று நகரத்துக்குள்ளேயே இத்தனை உழவர் சந்தைகள் இருக்கும்போது, தெர்மாக்கோல் தட்டில் பிளாஸ்டிக் ஒட்டிய கத்தரிக்காயை நீங்கள் வாங்குவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அங்கே விற்பவர் அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி. இடைத்தரகர் இல்லை, கமிஷன் இல்லை. அன்றைய விலையைக் காலையில் அதிகாரிகள் நிர்ணயித்து வாசலில் பலகையில் எழுதிவிடுவார்கள். உள்ளே நுழையும்போது அந்தப் பலகையை ஒரு நிமிடம் நின்று படியுங்கள், முடிந்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் யாரிடமும் பேரம் பேச வேண்டிய தேவை இருக்காது.

வீட்டுக்காரர் வேலைக்கு அஸ்தம்பட்டி வழியாகத்தான் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பெட்ரோல் கணக்கே இங்கே எழவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், விடிந்ததும் ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். ஏழு மணிக்குள் போனால் கீரை வாடாமல் கிடைக்கும். சந்தை கலையும் நேரத்தில் விலை இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் அப்போது இருப்பது பொறுக்கிப் போட்ட மிச்சம். அன்றே சமைக்கும் காய் என்றால் மட்டும் அந்த நேரத்துக்குப் போகலாம்.

அமாவாசைக்கு முதல் நாளும் அன்றும் போகாதீர்கள். பூசணி, வாழைக்காய், அவரை, வாழை இலை எல்லாவற்றுக்கும் கூட்டம் முட்டி மோதும். விரதத்துக்கு வேண்டியதை மூன்று நாள் முன்னாலேயே வாங்கிவிட்டால் போதும், பூசணியும் வாழைக்காயும் தாங்கும். புரட்டாசியிலும் ஆயுத பூஜை வாரத்திலும் இதே கதைதான்.

இன்னொன்று. எந்தக் காய் விளையும் மாதமோ அந்த மாதத்தில் அதைச் சாப்பிடுவதுதான் மலிவு. தக்காளி கிலோ பத்துக்கு விற்கும்போது தொக்கு போட்டு வையுங்கள். எழுபது எண்பதுக்கு ஏறும்போது புளியைக் கூட்டிச் சமாளியுங்கள். மல்கோவாவை ஏப்ரல் ஆரம்பத்தில் வாங்காமல் மே கடைசி வரை பொறுத்தால் பழமும் கனிந்திருக்கும், விலையும் இறங்கியிருக்கும்.

புளி, வரமிளகாய், மல்லி மூன்றையும் வருஷத்துக்கு ஒருமுறை வாங்கும் பழக்கம் உங்கள் அத்தைக்கு இருந்திருக்கும். அவரிடமே கேளுங்கள். மாசி, பங்குனியில் புதுப்புளி வந்துவிடும். அப்போது வாங்கிக் கொட்டை எடுத்து, உப்பு தூவி, ஜாடியில் அழுத்தி வைத்தால் அடுத்த வருஷம் வரை கெடாது. மிளகாயும் மல்லியும் அதே வெயிலில் காயவைத்து, இரண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பில்லில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், சாம்பார்த்தூள், ரசப்பொடி, கறிமசாலா என்று ஒவ்வொன்றும் நூறு கிராம் டப்பாவில் இருக்கிறது. கிலோவாகக் கணக்குப் போட்டால் உங்களுக்கே திக்கென்று இருக்கும்.

வெல்லம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்குவது நல்லது. ஓமலூர்ப் பக்கத்து ஆலைகளிலிருந்து வரும் வெல்லம் அங்கேதான் ஏலத்துக்கு வருகிறது. வெளுத்த மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பதை எடுக்காதீர்கள். நிறத்துக்காக ரசாயனம் போட்ட வெல்லத்தையும், சர்க்கரை கலந்து காய்ச்சிய வெல்லத்தையும் உணவுப் பாதுகாப்புத் துறையினர் நம் மாவட்டத்தில் பலமுறை பிடித்திருக்கிறார்கள். பழுப்பாக, கொஞ்சம் கருத்து இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஜவ்வரிசிக்கும் நம் ஊரைவிட நல்ல இடம் இல்லை, 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பொருள் அது. பாயசத்துக்கும் வடகத்துக்கும் பிராண்டு பாக்கெட் தேட வேண்டாம்.

ஏற்காட்டு மிளகு நல்ல மிளகு, சந்தேகமில்லை. ஆனால் மலையில் விற்பதாலேயே மலிவாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். ஏரிக்கரைக் கடைகளில் சுற்றுலா வருபவர்களுக்கு வைத்த விலைதான் இருக்கும். தெரிந்த தோட்டக்காரர் இருந்தால் அறுவடை முடிந்த கையோடு ஒரு கிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் லீ பஜாரிலேயே வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் ஒரு கை மிளகைத் தண்ணீரில் போடுங்கள். மிளகு அடியில் போய்விடும், பப்பாளி விதை மேலே மிதக்கும்.

காபித்தூளில் சிக்கரி எவ்வளவு என்று பாருங்கள். கலப்புத் தூள் என்றால் அதில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும், இரண்டின் அளவையும் பாக்கெட்டில் போட்டே ஆக வேண்டும். 60-40 தூளையும் 80-20 தூளையும் பக்கத்தில் வைத்து இது மலிவு என்று சொல்ல முடியாது, சிக்கரி காபியைவிட விலை குறைந்த சரக்கு. வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையில் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குங்கள். மலையிலிருந்து இரண்டு கிலோ வாங்கி வந்து வாசனை போன தூளைக் குடிப்பதில் பிரயோஜனம் இல்லை.

பாலில் கடை மாற்றிப் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது. கொழுப்பு அதிகமான பாலையே எல்லாவற்றுக்கும் வாங்காமல், மோருக்கும் காபிக்கும் கொழுப்பு குறைந்ததை எடுத்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அப்படியானால் சூப்பர் மார்க்கெட்டே வேண்டாமா? வேண்டும். குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பிஸ்கட் இதற்கெல்லாம் அதுதான் இடம். எல்லாக் கடையிலும் ஒரே பொருள், ஒரே எம்.ஆர்.பி., எனவே அங்கே குறைத்தால் அது நிஜமான குறைப்பு. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. அந்த விலை உங்கள் பில்லில் இறங்கியிருக்கிறதா என்று பழைய பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை, எழுதிய பட்டியலோடு, முடிந்தால் நீங்கள் மட்டும் போங்கள். வாராவாரம் குடும்பத்தோடு போனதில், ஒவ்வொரு பில்லின் கடைசியிலும் சாக்லேட், சிப்ஸ், குளிர்பானம் என்று 300, 400 ரூபாய் சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பணம் கட்ட நிற்கும் இடத்தில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் அதையெல்லாம் அடுக்கி வைக்கிறார்கள்.

போன் ஆர்டரை நிறுத்தச் சொல்லித்தான் ஆக வேண்டும். கொத்தமல்லி ஒரு கட்டு தேவைப்பட்டிருக்கிறது. டெலிவரி கட்டணம் கட்டாமல் இருக்க ஐஸ்கிரீமும் நூடுல்ஸும் சேர்த்து 240 ரூபாய் ஆகியிருக்கிறது. அப்படி ஒரே மாதத்தில் ஒன்பது ஆர்டர். திடீரென்று தீரும் பொருளுக்குத்தான் தெருமுனை மளிகைக் கடை இருக்கிறது. அங்கே கிலோவுக்கு நாலு ரூபாய் கூட இருக்கலாம், இருக்கட்டும். உப்பு, கறிவேப்பிலை, கால் கிலோ ரவை என்று வேண்டியதை மட்டும் கொடுப்பார். உடம்புக்கு முடியாத நாளில் பையன் கையில் பணம் இல்லாமல் அனுப்பினாலும் கொடுத்தனுப்புவார். அந்தக் கடை உங்கள் தெருவில் இருக்க வேண்டும், அதற்கு நீங்களும் கொஞ்சம் வாங்கத்தான் வேண்டும். ஆனால் மாத மளிகையைப் பற்று நோட்டில் எழுதி வாங்காதீர்கள். பாக்கி நிற்கும் கடையில் விலை கேட்க நமக்கே வாய் வராது.

கடைசியாகத் தீபாவளிச் சீட்டு. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மாதம் 500 ரூபாய் பத்து மாதம் கட்டிய பிறகு, அந்தப் பணத்துக்கு ஆதாரம் என்று உங்கள் கையில் இருப்பது அவர் கையெழுத்துப் போட்ட ஒரு அட்டைதான். அவருக்கு வியாபாரம் நொடித்தால் யாரிடம் போய் நிற்பீர்கள்? இதுபோன்ற சீட்டுகள் நடுவில் முறிந்து, தீபாவளிக்கு முந்தின வாரம் பெண்கள் காவல் நிலையத்தில் வரிசையில் நிற்பது ஒவ்வொரு வருஷமும் எங்காவது நடக்கிறது. சரக்கும் அவர் கொடுக்கும் பிராண்டு, அவர் வைத்த விலை. அதே 500 ரூபாயை உங்கள் வங்கியிலேயே ஆர்.டி.யாகப் போடுங்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் முடிகிற மாதிரி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வட்டி கொஞ்சம்தான் வரும், ஆனால் ரொக்கம் கையில் இருக்கும். பலகாரத்துக்கு வேண்டிய கடலை மாவு, எண்ணெய், நெய், வெல்லத்தை, கூட்டம் சேரும் முன்னாலேயே நாத்தனாரோடு லீ பஜார் போய், மூன்று கடையில் விலை விசாரித்து வாங்கிவிடுங்கள்.